யானை வேண்டாம்

எங்கள் வீட்டில் நான் ஒரு வார்த்தை சொன்னால் மின்விசிறிகூட யோசித்துத்தான் சுற்றும். அப்படிப்பட்டவனுக்கு, எழுதிக் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் வரைந்து தரும் ஏஐ ஒன்று கிடைத்தால் விடுவேனா? கொலு அழைப்புக்குப் படம் தயாரிக்கும் பொறுப்பை வலியப் போய் வாங்கிக்கொண்டேன்.

“அழகான கொலு, நம் பாரம்பரியம் தெரிய வேண்டும், மனதைக் கவர வேண்டும், யானை வேண்டாம்” என்று எழுதினேன். வடநாட்டு அரண்மனை ஒன்று வந்தது. வாசலில் இரண்டு யானை. “யானையே கூடாது!” என்று அதட்டினேன். மூன்றாவது யானை முகபடாத்தோடு வந்து நின்றது.

இதற்குக் காரணம் உண்டாம். கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இருந்த விளக்க வரிகளையும் பார்த்துப் பழகியது ஏஐ. படத்தில் இல்லாததை யார் விளக்கத்தில் எழுதுகிறார்கள்? அதனால் ‘யானை’ காதில் விழும், ‘வேண்டாம்’ பெரும்பாலும் விழாது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐயில் வேண்டாதவற்றை எழுதத் தனிப் பெட்டியே உண்டு. 2022இல் வந்த அதன் முதல் பதிப்பு ஒரு தடவைக்கு 77 டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) வரைதான் கேட்டுக்கொள்ளும். இந்த வீட்டில் எனக்குள்ள ஒதுக்கீட்டைப் பார்த்தால் அது தாராளம்.

மனைவி போனை வாங்கினாள். “ஐந்து படி, மேலே வெள்ளை வேட்டி விரிப்பு. மேல்படியில் கலசம், மரப்பாச்சி ஜோடி. கீழ்ப்படியில் செட்டியார் பொம்மை, முன்னால் சின்னக் கிண்ணங்களில் அரிசி, பருப்பு. இடப்பக்கம் பித்தளைக் குத்துவிளக்கு, அந்த வெளிச்சம் மட்டும். எதிரே தரையில் உட்கார்ந்து பார்க்கிற உயரம். நீளவாக்குப் படம்.”

கொலு வந்துவிட்டது! படி ஆறு என்பது வேறு விஷயம்; எண்ணிக்கையில் ஏஐ கொஞ்சம் அப்படித்தான்.

“எப்படி?” என்றேன்.

“வருஷக்கணக்கா உங்களுக்குக் காய்கறி லிஸ்ட் எழுதறவ நான். ‘நல்ல வெண்டைக்காய்’னு எழுதினா என்ன வரும்னு தெரியாதா? ‘பிஞ்சு, விரல் நீளம், நுனி ஒடிச்சா படக்குனு ஒடியணும்’னு எழுதணும்.”

அழகு, பாரம்பரியம் எல்லாம் என் மனசுக்குள் இருந்த சமாசாரம். கண்ணில் படுகிற பொருள், அது இருக்கும் இடம், வெளிச்சம், பார்க்கும் கோணம் இவைதான் ஏஐக்குப் பிடிபடும்.

நீங்களும் அழைப்பு தயாரிப்பதாக இருந்தால் ஒன்று: ‘நல்வரவு’ என்று எழுதுகிற வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள். தமிழ் எழுத்தைப் பல ஏஐக்கள் இன்னும் ஜிலேபியாகத்தான் பிழிகின்றன. படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, எழுத்தை நீங்களே தட்டச்சு செய்து ஒட்டிவிடுங்கள்.