பொருந்தாது, ஆகவே பூஜ்யம்

கையில் ஒன்றும் இல்லாதவர்கள்தான் சுகமாக வாழ்கிறார்கள் என்பது தோல் மருத்துவத்தில் கணக்குப் போட்டே நிரூபணமாகிவிட்டது.

பிரிட்டனின் கார்டிஃப் நகரிலிருந்து ஃபின்லேயும் கானும் 1994இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். போன வாரம் முழுக்கத் தோல்நோய் உங்களை எவ்வளவு படுத்தியது? பத்துக் கேள்வி, கேள்விக்கு 3 வரை, மொத்தம் 30. எண் கூடினால் அவதி கூடுதல். நோயாளியிடமே கேட்போம் என்று நினைத்ததற்காக அவர்களைக் கும்பிடலாம். ஆனால் வினை 'பொருந்தாது' என்ற கட்டத்தில் இருக்கிறது. அதில் டிக் அடித்தால் பூஜ்யம்.

சொரியாசிஸ் வந்த ஒரு மூதாட்டியிடம் அந்தத் தாளை நீட்டுவதாக வைத்துக்கொள்வோம். விளையாட்டு? பொருந்தாது. வேலை? ஓய்வு பெற்றாயிற்று, பொருந்தாது. துணைவர், நண்பர், உறவினரோடு சிக்கல்? எட்டிப் பார்க்கவே ஆளில்லை, பொருந்தாது. தாம்பத்தியம்? கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம், பொருந்தாது. அரிப்பு, எரிச்சல், வலி, குத்தல் நான்குக்கும் சேர்த்து ஒரே கேள்வி. விடிய விடியச் சொறிந்து படுக்கை விரிப்பு ரத்தமானாலும் அதற்கு 3தான். கூச்சத்துக்கு 3, உடுப்புக்கு 2, கடைகண்ணிக்கு 1, வெளியே போய்வர 1. களிம்புப் பிசுக்கு பழகிப்போனதால் 0. ஆக, 10.

அடலிமுமாப் போன்ற விலைகூடிய ஊசி மருந்துக்கு எந்த மருந்தை யாருக்குத் தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வைத்திருக்கும் நிபந்தனைகளில் ஒன்று, இந்த எண் 10ஐத் தாண்ட வேண்டும் என்பது. பாட்டி தாண்டவில்லை. தனிமையும் முதுமையும் கைகோத்து அவருடைய வாழ்க்கைத் தரத்தை அந்த அளவுக்கு உயர்த்திவிட்டன!

பொருந்தாத கேள்விகளைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் வழியை ஹங்கேரி ஆய்வாளர்கள் 2018இல் சொன்னார்கள். பெருக்கி வகுக்கத் தெரிந்தால் போதும். அதற்குள் பழைய கூட்டல் கோப்புகளில் வேர்விட்டுவிட்டது.

ஆனால் அழகு விஷயத்தில் அறிவியல் இப்படிக் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. அழகுசாதனமும் தோற்றமும் வாழ்க்கைத் தரத்தை எப்படி மாற்றுகின்றன என்று அளக்க 2012இல் 'பியூட்டி கியூஓஎல்' வந்தது. 42 கேள்விகள். தன்னம்பிக்கை, மனநிலை, உற்சாகம், கவர்ச்சி, சமூக வாழ்வு என்று ஐந்து பிரிவு. ரத்தம் வரச் சொறிபவருக்கு ஒரு கேள்வி; உதட்டுச்சாயம் தரும் உற்சாகத்தைத் துருவ ஒரு பிரிவே உண்டு. இந்த அளவுகோல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1975இலிருந்து, 'ஃபேர் அண்ட் லவ்லி' சிவப்பழகு க்ரீம் நம் பெண்களுக்கு வேறொரு பரீட்சை வைத்தது. கறுப்பு என்றால் ஃபெயில். 2020இல் பெயரில் மட்டும் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது.

தோல் மருத்துவர் உங்களிடம் அந்தத் தாளை நீட்டினால் அவசரப்பட்டுப் 'பொருந்தாது' என்று டிக் அடிக்காதீர்கள். வேலையை விட்டது இந்த நோயால்தான், உறவுக்காரர்கள் ஒதுங்கியது இந்தத் தோலைப் பார்த்துத்தான் என்றால் அதைத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். கட்டத்துக்குள் இடமில்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள்.