மாதக்கடைசி: ஒரகடம் அறைகளில் கைமாற்று இயங்கும் விதம்

மாதக்கடைசி 25ஆம் தேதி வாக்கில் தொடங்கி 31ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் 2025 வரை அது அடுத்த மாதம் 10ஆம் தேதிவரைகூட நீண்டது. இதற்குத் தொழிலாளரின் ஊதாரித்தனத்தைக் குறை சொல்வது பிழை. 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும், மற்ற இடங்களில் 10ஆம் தேதிக்குள்ளும் கொடுத்தால் போதும் என்றது. பெரிய கம்பெனிகள் சில, மாதத்தின் கடைசி வேலை நாளிலேயே சம்பளத்தைப் போட்டுவிடும். காண்ட்ராக்டர்கள் சட்டத்தை மிகவும் மதிப்பவர்கள்; அது அனுமதிக்கும் கடைசி நாள் வரை பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆக, மாதத்தில் ஏறக்குறைய பாதி மாதக்கடைசியாகவே கழிந்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து எல்லோருக்கும் 7ஆம் தேதி என்று ஆக்கியது. மாதக்கடைசி இப்படிச் சட்டப்படி மூன்று நாள் சுருக்கப்பட்டதற்குப் பொருளியல் அறிஞர்களிடமிருந்து உரிய பாராட்டு இன்னும் வந்து சேரவில்லை.

இந்த நீண்ட காலத்தைக் கையில் காசில்லாமல், அதே சமயம் பெரிய மனக்குறையும் இல்லாமல் கடப்பதற்கு இங்கே ஒரு முறை உருவாகியிருக்கிறது. அது வளர்ந்த இடம் ‘ரூம்’. இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டி, 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசை கட்டின. ஒவ்வோர் ஆலைக்குப் பின்னாலும் உதிரி பாகம் செய்யும் கம்பெனிகள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர்கள் வந்தார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கமிருந்து ஐடிஐயும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகள் வந்தார்கள். ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்தார்கள். இவர்கள் எல்லோரும் எங்கே படுப்பார்கள் என்ற கேள்விக்கு மாத்தூர், வல்லம், சென்னக்குப்பம், பிள்ளைப்பாக்கம் ஊர்க்காரர்கள் மாடிக்கு மேல் மாடி கட்டி விடை சொன்னார்கள்.

ரூமின் தளவாடங்கள் எளியவை: பாய்கள், ஒரு ரைஸ் குக்கர், ஓர் இன்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் கேன், எல்லோருக்கும் பொதுவாக ஓர் அயர்ன் பாக்ஸ், சுவரில் ஆணிகள். ரூமில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ஆணிகளை எண்ணித்தான் அறிய வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லப்பட்ட எண்ணிக்கை வேறு ஆதாரத்தைக் கொண்டது. பாய்களின் எண்ணிக்கையும் உதவாது. ஐந்து பேருக்கு மூன்று பாய் போதும். காலை ஆறு மணிக்கு ஏ ஷிஃப்ட், பகல் இரண்டுக்கு பி, இரவு பத்துக்கு சி என்று ஆலைகள் ஓடுவதால், ஒருவர் எழுந்த பாயின் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் படுத்துவிடுகிறார்.

இதன் விளைவாக, ஒரே ரூமில் வாடகை கொடுக்கும் இருவர் நாள் கணக்கில் முகம் பார்ப்பதில்லை. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் கம்பெனி பஸ்ஸில் இருப்பார். அவர்களுடைய நட்பு முழுக்க வாட்ஸாப் குழுவில்தான் நடக்கிறது. தொலைதூர நண்பர்கள் கைபேசியால் அருகில் வந்ததாகச் சொல்வது வழக்கம். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் கைபேசி வழியாக மட்டுமே பழகும் நிலையையும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். “குக்கர்ல சோறு இருக்கு, ரசம் மூடி வச்சிருக்கேன்”, “கேன் போட்டாச்சு, காசு அப்புறம்”, “நைட்டு சாவி ஜன்னல் மேல” என்ற அளவிலேயே பெரும்பாலான உரையாடல் முடிந்துவிடும். இவற்றில் அன்பு என்ற சொல் எங்கும் வராது. ஆனால் இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவருக்காக ரசத்தை மூடி வைத்தவர் தூங்கப்போகும் முன் அதைத் தட்டச்சு செய்திருக்கிறார் என்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும்.

இதற்கு மேலை நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. பொ.ஆ.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் ஒரு தோட்டம் வாங்கி நண்பர்களோடு சிக்கனமாக வாழ்ந்த எபிகியூரஸ், லாம்ப்ஸக்கஸ் போன்ற தூர ஊர்களில் இருந்த நண்பர்களோடு கடிதத்திலேயே உறவு வைத்திருந்தார். தோன்றும்போது விருந்து சாப்பிட ஒரு சிறு பானை பாலாடைக்கட்டி அனுப்பும்படி அவர் ஒரு நண்பருக்கு எழுதியதாகப் பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் குறித்துவைத்திருக்கிறார். ஊருக்குப் போன ரூம்மேட்டுக்கு “வரும்போது அம்மாகிட்ட புளிக்காய்ச்சல் வாங்கிட்டு வா” என்று போகும் செய்தி இதே வகையைச் சேர்ந்தது. எபிகியூரஸின் கடிதங்களில் சில இன்றும் படிக்கப்படுகின்றன. ரூம் குழுவின் செய்திகள் மெமரி நிறைந்ததும் அழிக்கப்படுகின்றன. தத்துவத் தரத்தில் இரண்டுக்கும் அதிக வேறுபாடு இல்லை.

இனிக் கைமாற்று. இதன் முதல் விதியைக் கலப்பு விதி எனலாம்: எல்லோரும் ஒரே கம்பெனியில் வேலை செய்யும் ரூம், எல்லோரும் ஒன்றாகப் பட்டினி கிடக்கும் ரூம். ஒருவர் 30ஆம் தேதி சம்பளம் வாங்கும் பெரிய கம்பெனி ட்ரெய்னி, இன்னொருவர் அதற்குச் சில நாள் கழித்து வாங்குபவர், மற்றொருவர் காண்ட்ராக்டில் கடைசி நாள் வரை காத்திருப்பவர் என்று அமைந்தால், அந்த ரூமில் எந்த நாளும் யாராவது ஒருவர் கையில் காசு இருக்கும். ஒரே ஐந்நூறு ரூபாய் மூன்று பேரைச் சுற்றி மூன்று மாதக்கடைசிகளைத் தீர்த்துவைக்கும். புது ஆளை ரூமில் சேர்க்கும்போது “எந்த ஊர்?” என்பதற்கு முன்பே “எந்த கம்பெனி?” என்று கேட்பதன் உட்பொருள் இதுதான். கேட்பவர் பதவியை விசாரிப்பதாகப் புது ஆள் நினைத்துக்கொள்கிறார்; அவர் விசாரிப்பது தேதியை. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியபோது, ஒரே ஆலையை நம்பும் ரூம் என்னவாகும் என்பது மறுப்புக்கு இடமின்றி விளங்கியது. சேமிப்பை ஒரே இடத்தில் போடாதே என்று முதலீட்டு ஆலோசகர்கள் கட்டணம் வாங்கிச் சொல்வதை, சேமிப்பே இல்லாதவர்கள் இங்கே இலவசமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இரண்டாவது, முன்னுரை விதி. கேட்கும் தொகை ஏற ஏற முன்னுரை நீளும். நூறு ரூபாய்க்கு முன்னுரையே கிடையாது; “100 போடு” என்பதோடு முடிந்தது. ஐந்நூறுக்கு “மச்சி” தேவை. ஆயிரத்தைத் தாண்டினால் “சாப்டியா?” என்று தொடங்க வேண்டும், அதற்குப் பதில் வந்த பிறகு ஷிஃப்ட் எப்படிப் போனது என்று விசாரிக்க வேண்டும். இரண்டாயிரத்துக்கு மேல் என்றால் வயதில் மூத்தவரைத்தான் அணுகுவது, அதுவரை “ப்ரோ”வாக இருந்தவர் அன்று “அண்ணா” ஆகிவிடுவார். அனுபவம் உள்ளவர்கள் நள்ளிரவில் வரும் “அண்ணா சாப்டீங்களா?” என்பதைப் படித்ததுமே வங்கி இருப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். திருப்பிக் கேட்பதற்கு முன்னுரை இல்லை, ஏனெனில் திருப்பிக் கேட்பதே இல்லை. கொடுத்தவர் “என்ன மச்சி, சம்பளம் வந்துச்சா?” என்று பொதுநலம் விசாரிப்பார். வாங்கியவருக்குப் புரியும். இன்னும் வரவில்லை என்றால் “பாத்துக்கலாம்” என்ற பதில் கொடுத்தவரிடமிருந்தே வரும்; உலகில் வேறு எந்தக் கடன்முறையிலும் இந்தச் சொல்லைக் கடன் கொடுத்தவர் சொல்வதில்லை.

2016இல் யுபிஐ வந்தது இந்தத் துறையைப் பெரிதும் மாற்றியது. அதற்கு முன்னால் கைமாற்று கைக்கு எட்டிய தூரத்தில்தான் நடந்தது. இப்போது சுங்குவார்சத்திரத்தில் இருப்பவர் படப்பையில் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நிற்பவருக்கு நாற்பது ரூபாய் அனுப்ப முடிகிறது. இழப்பும் உண்டு. “கையில சில்லறை இல்ல மச்சி” என்ற நெடுநாள் மரியாதையான மறுப்பு வழக்கொழிந்தது. அதன் இடத்தை “சர்வர் டவுன்” பிடித்திருக்கிறது.

பெண்களின் விடுதிகளில் நிலைமை வேறு. அங்கே ஆலையே இடம் ஏற்பாடு செய்வதால் ஓர் அறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கம்பெனிக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பளம். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்ட தங்குமிடம் 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. கலப்பு விதி இத்தகைய இடத்தில் வேலை செய்யாது. அதனால் இங்கே பொருந்துவது சீட்டு. பத்துப் பேர் ஒரே நாளில் சம்பளம் வாங்குவது கைமாற்றுக்குக் கேடு, சீட்டுக்கோ அதுவே அடிப்படை: பணம் வந்த அன்று மாலையே எல்லோரும் கட்டிவிடுவார்கள், குலுக்கலில் பேர் விழுந்தவர் தொகையை எடுத்துக்கொள்வார். மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1962இல் இத்தகைய சுழல்கடன் சங்கங்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். விவசாயச் சமூகம் வணிகச் சமூகமாக மாறும் வழியில் இவை ஒரு நடுப்படி என்பது அவர் கருத்து. செல்பேசிக்குத் திருகாணி முடுக்கும் லைனில் நிற்கும் பெண்கள் அந்தப் படியில் இன்னும் ஏன் நிற்கிறார்கள் என்றால், மேற்படியில் வட்டி கேட்கிறார்கள்.

செலவுப் பக்கத்தில் முதன்மையானது சாப்பாடு. அதன் அச்சு கேண்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேண்டீன் வைக்கச் செய்யும் அதிகாரத்தை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மாநில அரசுகளுக்குக் கொடுத்தது. நாளின் பெரிய சாப்பாட்டைக் கேண்டீனில் முடித்துக்கொண்டு, ரூமில் சோறும் ரசமும் ஊறுகாய் பாக்கெட்டுமாக மற்ற வேளைகளை ஓட்டுவது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஆகவே வாரத்தில் மிகவும் செலவு பிடிக்கும் நாள் ஞாயிறு. அன்று கேண்டீன் இல்லை, கம்பெனி பஸ் இல்லை, விழித்திருக்கும் நேரமும் கூடுதல். போதாதற்குக் கோழிக்கறி ஆசையும் வந்துசேரும். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கிடைத்தால் இரட்டைச் சம்பளம் என்பதைவிட, அன்றைய செலவு மிச்சம் என்பதே பெரிது என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஓய்வு என்பது வசதியானவர்களின் செலவினம் என்ற முடிவுக்கு இதிலிருந்து வரலாம். வராமலும் இருக்கலாம், மாதம் நான்கு ஞாயிறும் வேலை செய்தவர் ஐந்தாவது வாரம் காய்ச்சலில் படுத்து, மிச்சம் பிடித்ததை மருந்துக்கடையில் கொடுப்பதும் பதிவாகியிருக்கும் நிகழ்வே.

இந்தச் சிக்கனத்தைத் துறவோடு குழப்பக் கூடாது. துறவு இந்த ஊருக்குப் புதியதல்ல. 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். ஆனால் ரூம்வாசிகள் எதையும் துறக்கவில்லை. அவர்கள் மிச்சம் பிடிப்பதில் பெரும்பகுதி சம்பளம் வந்த நாளிலேயே ஊருக்குப் போய்விடுகிறது: தங்கையின் காலேஜ் பீஸ், அடகில் இருக்கும் நகை, வீட்டுக்குத் தளம் போட வாங்கிய கடன். பொருள்களைப் பற்றிய அவர்களின் நிதானத்துக்கும் தத்துவக் காரணம் தேட வேண்டாம். நாள் முழுக்கக் கண்ணெதிரே கார் காராக நகர்ந்து போவதைப் பார்த்து அவற்றுக்குக் கதவு மாட்டுபவருக்குக் கார் ஒரு கனவாக இருக்கும் வாய்ப்பு குறைவு. அவர் கண்ணுக்கு அதில் கதவின் இடைவெளிதான் தெரியும். புல்லட் மட்டும் விதிவிலக்கு. தினமும் அதைப் பூட்டுகிறவர்களும் அதற்கு ஆசைப்படுகிறார்கள். ஏன் என்பது விளங்கவில்லை.

மனநிறைவுக்கு எல்லை உண்டு என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனதும், அவர்களின் தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். 2024 செப்டம்பர் தொடங்கி, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊறுகாய் தொட்டு மூன்று வேளை தின்று சிரிக்கிறவர்கள் எதையும் பொறுப்பார்கள் என்று கணக்கிட்ட நிர்வாகவியல் இங்கே சறுக்குகிறது. குறைவை அவர்கள் தாங்களே தேர்ந்துகொண்டார்கள், கெட்டுப்போனதைத் தேர்ந்துகொள்ளவில்லை.

கடைசியாக அட்வான்ஸ். ரூமுக்குக் கொடுத்த முன்பணம் வீட்டுக்காரரிடம் இருக்கும். ரூமை விட்டுப் போகிறவர் தன் பங்கை அவரிடம் கேட்பதில்லை. கேட்டால் சுவரின் ஆணிகளுக்கும் வெள்ளையடிப்பதற்கும் கழித்துக்கொள்வார். அந்தப் பங்கைப் புதிதாக வருகிறவர் போகிறவருக்கு ஜிபேயில் அனுப்பிவிடுவார், வீட்டுக்காரருக்குச் சேதி போகாது. இப்படி ஆள் மாறி ஆள் மாறி ஓடும் ரூம்களில், வீட்டுக்காரர் கையிலிருப்பது முதன்முதலில் குடிவந்தவர்கள் கொடுத்த பணம். இன்று அங்கே படுத்திருப்பவர்களில் ஒருவருக்கும் அவர்கள் யாரென்று தெரியாது. வாடகை ஏறும்போது அட்வான்ஸையும் ஏற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டால், அது குறித்து முடிவெடுக்க எல்லோரும் ஒன்றாகக் கூட வேண்டும் என்று பதில் சொல்வது வழக்கம். ஏ, பி, சி மூன்று ஷிஃப்டும் ஓடுகிறவரை அப்படிக் கூட வாய்ப்பில்லை என்பதை இரு தரப்பும் அறியும்.