மாமியார் பயமும் மகளின் உதையும்

கேள்வி: ஏழு வயது மகள் கிக் பாக்ஸிங்கில் சேர்த்துவிடச் சொல்லி அடம்பிடிக்கிறாள். ‘பெண் பிள்ளைக்கு எதற்கு உதை?’ என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, அஸ்தினாபுரம்

பதில்: சேர்த்துவிடுங்கள். இன்னும் தாமதம் வேண்டாம்!

காஷ்மீரின் பந்திப்போராவைச் சேர்ந்த தஜமுல் இஸ்லாம் என்ற சிறுமி கிக் பாக்ஸிங்கில் உலகத் தங்கம் வென்றபோது வயது எட்டுதான். அப்பா டிரைவர். 2016-ல் காஷ்மீரில் மாதக்கணக்கில் ஊரடங்கு, கடையடைப்பு. அந்த வருட நவம்பரில் இத்தாலியின் ஆண்ட்ரியாவில் அந்தப் பதக்கம். 2021-ல் கெய்ரோவில் மறுபடி தங்கம். பதக்கத்தைப் பார்க்கும் நாம், பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டை நினைப்பதில்லை.

செலவு கையைக் கடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முழு அங்கீகாரம் தந்தும், ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் கிக் பாக்ஸிங் இன்னும் ஏறவில்லை. ஸ்பான்சர்கள் எளிதில் வரமாட்டார்கள். இப்போதைக்குப் பெற்றோர்தான் ஸ்பான்சர்.

ஹெல்மெட், பல் காப்பு, ஷின் கார்டு (முன்கால் காப்பு) எல்லாம் உண்டு என்று மாமியாரிடம் காட்டுங்கள். ஒன்று மட்டும்: ‘வளரும் பிள்ளை’ என்று ஸ்கூல் ஷூ போல ஷின் கார்டையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். உதைக்கும்போது அது பின்பக்கம் திரும்பிக்கொள்ளும். அடி எலும்பில்தான் விழும்.