நேர்கோடே, போற்றி!

நேர்கோடே, உன்னை மனதாரப் போற்றுகிறேன். கனடாவின் வடகோடியில், நுனாவுட் பகுதியின் ரெசொலூட்டுக்கும் கிரைஸ் ஃபியோர்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுகிறாய்: சுமார் 380 கிலோமீட்டர், சிறு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். கேட்டதற்கு இப்படி ஒரே வரியில் பதில் சொல்லக்கூடியவர் அந்த வட்டாரத்தில் உன்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஊர்க்காரர்களைக் கேட்டால் பேச்சு நீளும். நுனாவுட்டின் 25 ஊர்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலை கிடையாது. கடல் கோடையில் கொஞ்ச காலம்தான் வழிவிடும். சரக்குக் கப்பல் அப்போது வந்தால் உண்டு. கிரைஸ் ஃபியோர்டின் ஓடுபாதை மலையை ஒட்டிய குட்டைச் சரளைத் தரை. ட்வின் ஆட்டர் போன்ற சின்ன விமானம்தான் அதில் இறங்கும். காற்று எழுந்தாலும் மூடுபனி கவிந்தாலும் அதுவும் வராது. நவம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன் பிப்ரவரியில்தான் மறுபடி தலைகாட்டும். ரெசொலூட் வரை வந்து சேர்ந்தவர், மேற்கொண்டு போக வானம் தெளியட்டும் என்று மூட்டை முடிச்சோடு காத்துக் கிடப்பார். பிரசவத்துக்குச் சில வாரம் இருக்கும்போதே கர்ப்பிணி தன் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு, 1,500 கிலோமீட்டர் தள்ளி, மருத்துவமனை இருக்கும் இக்கலுயிட்டுக்குப் புறப்பட்டாக வேண்டும். இந்தக் காத்திருப்பில் ஒரு நிமிடம்கூட உன் கணக்கில் ஏறியதில்லை. அவ்வளவு தூய்மை உனக்கு! பனியும் ஒட்டாது, கண்ணீரும் ஒட்டாது.

உன்னை நம்பி ஆண்டவர்களையும் சேர்த்தே வாழ்த்துகிறேன். 1953இல் ஒட்டாவா அதிகாரிகள் வரைபடத்தை விரித்து, ஹட்சன் விரிகுடாக் கரையிலிருந்த இனுக்ஜுவாக்கின் இனுயிட் பழங்குடிக் குடும்பங்களைச் சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோனார்கள். நல்ல வேட்டை கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் இறங்கப் போவதில்லை என்பது, சி. டி. ஹோவ் கப்பலில் ஏறிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சிலரை எல்ஸ்மியர் தீவிலும் சிலரை கார்ன்வாலிஸ் தீவிலும் இறக்கிவிட்டார்கள். உறவுகள் இரண்டாகப் பிரிந்தன. கிரைஸ் ஃபியோர்டும் ரெசொலூட்டும் அப்படி வேர்பிடித்த ஊர்கள். திரும்பி அழைத்துப்போகும் வாக்கை அரசு காப்பாற்றவில்லை.

இரு ஊரிலும் இன்று நினைவுச் சிலைகள் நிற்கின்றன. கிரைஸ் ஃபியோர்டில் லூட்டி பிஜமினி செதுக்கிய, சிறுவனோடு நிற்கும் பெண் ரெசொலூட் இருக்கும் திசையைப் பார்க்கிறாள். ரெசொலூட்டில் சிமியோனி அமகோலிக் செதுக்கிய ஒற்றை ஆண் கிரைஸ் ஃபியோர்டை நோக்கி நிற்கிறான். பிரிக்கப்பட்ட குடும்பங்களுக்காக எழுந்த கற்கள் அவை. நேர்கோடே, உன்மேல் இம்மி பிசகாமல் நடப்பவை அவ்விரு பார்வைகள் மட்டும்தான். அந்தப் பெருமை உனக்கு உண்டு. யாரும் பறிக்க முடியாது.

அரசின் பொறுமையும் சாமானியமானதல்ல. 1996இல் ஒரு கோடி டாலர் அறக்கட்டளை நிதி கொடுத்தது, மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பு வந்தது 2010 ஆகஸ்டில். கப்பல் ஏற்றிய நாளிலிருந்து 57 ஆண்டுகள். கேட்க வேண்டிய காதுகள் பல அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டன.

இத்தனை துல்லியமாக அளக்கத் தெரிந்த நேர்கோடே, அந்த 57 ஆண்டுகளை உன் ஒன்றரை மணி நேரத்தில் எங்கே வைத்திருக்கிறாய்?