டிக்கெட் வீடு

1862-இல் வந்த சட்டப்படி, கிளாஸ்கோ நகரில் 2000 கன அடிக்கு மிகாத சின்ன வீடுகளின் கதவில் ஒரு தகடு அடித்தார்கள். உள்ளே எத்தனை கன அடி இடம், எத்தனை பேர் படுக்கலாம் என்று அதில் கணக்கு. தலைக்கு 300 கன அடி. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பொடிசுகள் இரண்டு சேர்ந்தால் ஓர் ஆள். நம்மூர் பஸ்ஸின் அரை டிக்கெட் மாதிரி. அந்த வீடுகளுக்குப் பேரே ‘டிக்கெட் வீடு’தான்.

பகலில் போய் எண்ணினால் கணக்கு உதைக்காது. எனவே சுகாதார ஆய்வாளர் ராத்திரியில்தான் வருவார். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் உள்வாடகைக்காரர் அலமாரிக்குள். இன்னொருவர் உடுத்திய துணியோடு கூரைமேல். ஸ்காட்லாந்துக் குளிர் வேறு. காற்றோட்டம் வேண்டும் என்றுதானே சட்டம் போட்டார்கள்? கூரையில் அதற்குப் பஞ்சமே இல்லை.

பிடிபட்டால் அபராதம். அதைக் கட்டக் காசு? இன்னோர் ஆளை உள்வாடகைக்குச் சேர்த்தால் ஆயிற்று.

1890-இல் அரசு மனம் இளகி, தலைக்கு 400 கன அடி என்று உயர்த்திவிட்டது. சுவர்கள்தான் சட்டத்தைப் படிக்காமல் நின்ற இடத்திலேயே நின்றன.