தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொது மேலாளர்கள்

உயர்நிலை மேலாளர் ஒருவர் தம் பதவியை இழந்த பின்னரோ, இழக்கப்போவதை மோப்பம் பிடித்த பின்னரோ, அறிந்தவர், அரைகுறையாக அறிந்தவர் அனைவரோடும் உறவைப் புதுப்பித்துக்கொண்டு அடுத்த பதவிக்கு வழி தேடும் முறையை மேலாண்மை நூலார் தொழில்சார் தொடர்பாக்கம் என்பர்; நாட்டு வழக்கில் அது நெட்வொர்க்கிங் எனப்படும். தேவையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது அந்நூல்கள் வகுக்கும் முதல் விதி. காங்கேயத்தின் முதல் விதி, எக்காரணம் கொண்டும் அதைச் சொல்லக்கூடாது என்பதாகும்.

திருப்பூருக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காங்கேயம், காளைக்கும் அரிசி ஆலைக்கும் கொப்பரைக் களத்துக்கும் பெயர் பெற்றது. ஆயினும் காலையில் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்குப் புறப்படும் வாகனங்களில் தொழிலாளரோடு, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களும், பின்னால் தனிக் காரில் ஜி.எம். எனப்படும் பொது மேலாளர்களும் செல்லும் ஊர் அது. 2025 ஆகஸ்ட் 27 அன்று, சரியாக விநாயகர் சதுர்த்தி நாளில், அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, விக்கினம் தீர்ப்பவரின் கொழுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே விக்கினத்தைத் தொலைக்காட்சியில் காண நேர்ந்த இம்மேலாளர்களுக்கு, அமெரிக்க ஆர்டர் குறைந்தால் முதலில் குறைவது ஓவர்டைம் என்பதும், அதற்கடுத்துக் குறைவது பெரிய சம்பளக்காரர் என்பதும் எவரும் கற்பிக்காமலே தெரிந்திருந்தன.

2003இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் என்னும் தளம், வேலை தேடுவோர் தம் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் ஒன்றை இட்டுக்கொள்ளும் வசதியை 2020இல் அளித்தது. காங்கேயத்தில் பிறந்த ஜி.எம். எவரும் அவ்வளையத்தை மனமுவந்து அணிவதில்லை; அவரிடம் உண்மையான பச்சை நான்கு ஏக்கர் இருக்கிறது. "இப்ப எங்கீங்க இருக்கறீங்க?" என்ற வினாவுக்கு, "கொஞ்ச நாளா தோட்டத்தப் பாத்துட்டு இருக்கறனுங்க" என்று அவர் விடையிறுத்தால், கேட்டவர் தென்னையின் நலத்தை மேற்கொண்டு விசாரிக்கலாகாது. தோட்டத்தைப் பத்தாண்டுகளாகப் பார்த்து வருபவர் குத்தகைக்காரர் என்பதும், பதவியிலிருந்து இறங்கியவர் தோட்டத்தில் இறங்கினால் மோட்டாரின் ஸ்டார்ட்டர் எங்கே என்பதைக்கூட வினவித்தான் அறிவார் என்பதும் இருவருக்கும் தெரியும். தோட்டம் இல்லாதவர் 'ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு அச்சிட்டுக்கொள்கிறார். திருமுருகன்பூண்டியில் நடக்கும் பின்னலாடைக் கண்காட்சியின் நுழைவுப் பதிவில் நிறுவனத்தின் பெயர் கேட்கும் கட்டத்தை நிரப்பவும் அந்த அட்டை உதவுகிறது.

இவ்வழக்கத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டு என்பது வியப்புக்குரியது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் 'பலவீனப் பிணைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். எப்போதாவது காண்பவர், முகம் நினைவிருந்து பெயர் மறந்தவர், பழைய அலுவலகத்தில் பக்கத்து அறையில் இருந்தவர் ஆகியோரோடு உள்ள மெல்லிய தொடர்பே அது. பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டனில் அவர் ஆராய்ந்தபோது, தொடர்புகளின் வழியே வேலை பெற்றவர்களுள் அடிக்கடி சந்திப்பவரால் அதைப் பெற்றோர் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே. மற்றவர்க்கெல்லாம் கைகொடுத்தவர் எப்போதாவதோ அரிதாகவோ காணப்பட்டவர். நெருங்கியவர்க்குத் தெரிந்த செய்தி நமக்கும் முன்பே தெரிந்திருக்கும் என்பது அவர் கூறிய காரணம். காங்கேயத்தில் ஆராய்ந்திருப்பாராயின் இரண்டாவது காரணமும் கிடைத்திருக்கும்: பங்காளியிடம் காலையில் சொன்னது மாலைக்குள் மகளுக்குப் பேசிவரும் சம்பந்தி வீட்டை எட்டிவிடும். வேலை போனது உறுதியாகும்; வேலை வருவது உறுதியில்லை.

அப்படியானால் இப்பகுதியின் பலவீனப் பிணைப்பினர் யாவர்? நூல் ஏஜென்ட், ஊசியும் உதிரிப் பாகமும் விற்பவர், ஆடிட்டர், சரக்கு அனுப்பும் கிளியரிங் ஏஜென்ட் ஆகியோரே அவர்கள். ஒரு நாளில் பல கம்பெனிகளின் படியேறி இறங்கும் இவர்கள், எந்தக் கம்பெனியிலும் உட்கார்ந்து காபி குடிக்கும் அளவுக்கு நெருக்கமும், உள்வீட்டு வம்பில் சிக்காத அளவுக்கு விலகலும் உடையவர்கள். எங்கே புதிதாகத் தையல் எந்திரம் இறங்குகிறது என்பது ஊசிக்காரருக்குத் தெரியும். எந்திரம் இறங்கினால் அதை மேய்க்க மேலாளர் தேவைப்படுவார். இவர்கள் அனைவரிலும் தீர்க்கதரிசி கிளியரிங் ஏஜென்டே. கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமாகி, வாங்குபவர் விதித்த தேதியைக் காக்க, ஏற்றுமதியாளரின் செலவிலேயே விமானத்தில் அனுப்பப்படுவதைத் திருப்பூரில் 'ஏர் போட்டாங்க' என்பர். அந்தச் சரக்கில் கிடைக்க இருந்த லாபம் முழுவதும் அவ்விமானத்திலேயே ஏறிப்போய்விடும். ஆகவே ஒரே சீசனில் இரண்டு முறை ஏர் போட்ட கம்பெனியில் ஜி.எம். நாற்காலி விரைவில் காலியாகும் என்பதை எந்த வேலைவாய்ப்புத் தளத்துக்கும் முன்னரே கிளியரிங் ஏஜென்ட் அறிவார். அந்த நாற்காலியில் இன்னும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, கேட்பவரும் பேசுவதில்லை.

செய்தி கிடைத்த பின்னரும் வேறொரு கண்டம் உண்டு; அது முதலாளியைச் சந்திப்பது. உழவுக் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் தொழிலாளராக நுழைந்து, பின்னர் முதலாளிகளானவர்களின் வரலாற்றைத் திருப்பூரை வைத்தே ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் ஒரு நூலாக எழுதியிருக்கிறார். அத்தகைய முதலாளியின் முன் 40 பக்கப் பவர்பாயின்ட்டைத் திறப்பது வீண்வேலை. அவர் மேசை மேல் கிடக்கும் துணியை நகர்த்தி வைப்பார். வந்தவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்து ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம், என்பதைச் சொல்ல வேண்டும். சம்பளம் மட்டும் அங்கே பேசப்படாது. கண்ணபுரத்தில் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தையில் துண்டின் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுவது போல, அது நூல் ஏஜென்டின் வழியே, தொகை எதையும் வாய்விட்டுச் சொல்லாமல், "பழைய எடத்துல குடுத்ததுக்குக் கொறையாதுங்க" என்ற அளவில் முடியும். காளைக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. மேலாளரின் வயதோ தலைச்சாயத்தோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

இப்பிணைப்புகள் புதுப்பிக்கப்படும் களம் கல்யாண மண்டபம். முதல் வரிசை உறவினர்க்கு உரியது. அங்கே உட்காருவது தொழில்முறையில் பயனற்றது. மொய் எழுதும் மேசைக்கும் பந்திக்குக் காத்திருக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட பத்தடி நிலமே சிறந்தது. பாதி முகங்களை அறிந்தும் பாதியை மறந்தும் இருப்பவர்கள் அங்கேதான் வேறு வழியின்றி நிற்பார்கள். பயோடேட்டாவை நீட்டுவதற்கு அவ்விடம் உரியதன்று. "எண் அதேதானுங்க, மாத்தல" என்ற ஒரு வாக்கியம் போதும்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமையால், அம்மாதங்களில் மண்டபமும் இல்லை, பத்தடி நிலமும் இல்லை. எனவே காங்கேயம் பகுதி ஜி.எம்.கள், முதலாளியின் மீது எவ்வளவு கோபம் வந்தாலும், காலண்டரைப் புரட்டிப் பார்த்த பின்னரே ராஜினாமாக் கடிதத்தை எழுதுதல் நலம்.