வேலிக்கு ஓணான் சாட்சி

மாப்ளே, ஸ்கூல் பாண்டு கமிட்டிக்கு நீ மனு போடப்போறியாம்ல? உங்க அத்தை சொன்னா. சந்தோசம். சம்பளம் கெடையாது, படி கெடையாது, மாலை மரியாதை கெடையாது. குடிக்கிற தண்ணியக்கூட வீட்டுலருந்துதான் கொண்டுபோகணும். இம்புட்டு நட்டத்துக்கு ஒருத்தன் ஆசைப்படுறான்னா ஒண்ணு அவன் மகாத்மாவா இருக்கணும், இல்ல வீட்டுல அவன் பேச்சு எடுபடாம இருக்கணும். நீ எந்த ரகம்னு நான் கேக்கல. தங்கச்சி மவனாச்சே, அந்த மரியாதை இருக்குல்ல.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசக்காட்டை விட்டுட்டு, கலிஃபோர்னியாவுல மக வீட்டோட வந்து உக்காந்த கெழவனுக்கு வேற என்ன சோலி? பகல்ல சீனியர் சென்டர்ல கேரம். ராத்திரி ஸ்கூல் போர்டு கூட்டம் இருந்தா போயி பின்வரிசையில உக்காந்துக்குவேன். டிவி சீரியல் மாதிரி அழுகை, கோவம், பழி, பாசம் எல்லாம் உண்டு. நடுவுல சோப்பு விளம்பரம் மட்டும் கெடையாது. புரியாத எடத்துல பேத்தி காதுல சொல்லிருவா. அப்படிக் கண்டதும் கேட்டதுமா நாலு புத்தி சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல காசு யாருது? பள்ளிக்கூடம் கட்டவும் பழுதுபாக்கவும் ஊரே சேந்து வாங்குற கடன்தான் பாண்டு. அசலும் வட்டியும் உன் வீட்டு வரியோட ஒட்டிக்கிட்டு வரும். முன்னெல்லாம் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு விழுந்தாத்தான் இந்தக் கடன். 2000 மார்ச்சுல, பாதிக்கு மேல விழுந்தாலே போதும்னு முன்மொழிவு 26 கொண்டாந்தாங்க. சனங்க தோக்கடிச்சுட்டாங்க. அதே வருசம் நவம்பர்ல முன்மொழிவு 39 வந்துச்சு. 55 சதவீதம் போதும், ஆனா கடிவாளம் உண்டுன்னாங்க. என்னென்ன வேலைன்னு முன்கூட்டியே பட்டியல் போடணும். வாத்தியார் சம்பளம், அதிகாரி சம்பளத்துக்கு இந்தக் காசைத் தொடக் கூடாது. வருசா வருசம் ரெண்டு தணிக்கை. அதுபோக, ஊர்க்காரங்க கமிட்டி ஒண்ணு கூடவே இருந்து பாக்கும். இம்புட்டையும் கேட்டப்புறம்தான் சனங்க தலையாட்டுனாங்க.

அதனால ஓட்டுச்சீட்டுல அந்தக் கமிட்டிக்கு எப்பவும் ஒரு எடம் உண்டு. கேள்விய 75 வார்த்தைக்குள்ள அடக்கணும்னு விதி. அந்த 75 வார்த்தைக்குள்ள ஒழுகுற கூரை இருக்கும், பழைய வயரிங் இருக்கும், பிள்ளைங்க பாதுகாப்பு இருக்கும், ‘குடிமக்கள் மேற்பார்வை’யும் இருக்கும். செயற்கைப் புல்லு மைதானம் மட்டும் அங்க இருக்காது. அது பின்னாடி பொடி எழுத்துப் பட்டியல்ல, கூரைக்கும் குழாய்க்கும் நடுவுல, சாதுவா உக்காந்திருக்கும்.

உனக்கு எம்புட்டு? மழலை வகுப்புலருந்து பன்னெண்டாவது வரைக்கும் ஒண்ணா நடத்துற பள்ளி மாவட்டம்னா, ஒரு தேர்தல்ல பாஸான பாண்டுக்கு, 1,00,000 டாலர் மதிப்புக்கு வருசம் 60 டாலருக்கு மேல போகாதுங்கிற கணக்கைக் காட்டித்தான் ஓட்டுக் கேக்கலாம். நீ இப்பத்தான் 15,00,000 டாலருக்கு வீடு வாங்கியிருக்க. உச்சத்துக்குப் போனா 900 டாலர். பக்கத்து வீட்டுப் பாட்டி 1975க்கு முன்னால வாங்குனவ. 1978ல வந்த முன்மொழிவு 13 புண்ணியத்துல அவ வீட்டு மதிப்பு வருசத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறாது. அதே சொவரு, அதே கூரை, அவளுக்கு வரி உன்னதுல ஒரு துணுக்கு. ஆனா போர்டு கூட்டத்துல எந்திரிச்சு நின்னு ‘என் வரிப்பணம்’னு பேசுறது அந்தப் பாட்டிதான். நீ வீட்டுல உக்காந்து ஐபிஎல் பாக்குற.

இனி நாற்காலிக்கு வருவோம். கமிட்டியில கொறஞ்சது 7 பேரு இருக்கணும். அதுல 5 எடத்துக்கு யாரு வரணும்னு சட்டமே எழுதி வச்சிருக்கு.

வியாபாரிகள் அமைப்புல இருக்குறவரு ஒருத்தரு. இங்க பெரும்பாலும் வீடு வித்துக் குடுக்குறவரு வந்து உக்காருவாரு. தப்பில்ல. பள்ளிக்கூடம் பளபளன்னா வீட்டு விலை ஏறும். அவரு அக்கறையில பொய் கெடையாது. 

பிள்ளை படிக்கிற தாயோ தகப்பனோ ஒருத்தரு. பிள்ளையும் படிக்கணும், பெத்தவங்க சங்கமான பி.டி.ஏ. மாதிரி எதுலயாவது சுறுசுறுப்பாவும் இருக்கணும், அப்படி இன்னொருத்தரு. இந்தக் கடைசி எடத்துக்கு எப்பவும் கூட்டம் அலைமோதும். பாண்டுக்கு ஓட்டுப் போடுங்கன்னு தெருத்தெருவா பலகை நட்டவங்க, போன் போட்டவங்க, பிஸ்கட்டு சுட்டுக் குடுத்தவங்க எல்லாரும் வரிசையில நிப்பாங்க. பெத்து வளத்த பிள்ளைய மார்க்கு போடச் சொன்னா யாரு கொறைச்சுப் போடுவா?

நாலாவது, மூத்தோர் அமைப்பு ஆளு. இதுக்கு ஆளு கெடைக்கிறது கஷ்டம். எங்க சீனியர் சென்டர்ல கேட்டுப் பாத்தேன். ராத்திரி ஆறரை மணிக் கூட்டம்னதும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல முழங்கால் வலி வந்துருச்சு.

அஞ்சாவதுதான் வேடிக்கை. வரி கட்டுறவங்க சங்கம், அதுவும் பேருக்கு இல்லாத நெசமான சங்கம், அதுலருந்து ஒருத்தரு. பல ஊர்ல அப்படி ஒரு சங்கமே கெடையாது. இருக்குற ஊர்ல, பாண்டே வேண்டாம்னு பிரச்சாரம் பண்ணவங்களாத்தான் இருப்பாங்க. அதனால என்னாகும்? ‘தகுதியான ஆள் கெடைக்கல, மனு வரவேற்கப்படுது’ன்னு அறிவிப்பு மேல அறிவிப்பு வரும். அந்தக் கெடைக்காத ஆளு ரெண்டாவது வரிசையில உக்காந்து கையத் தூக்கிக்கிட்டே இருப்பாரு.

மாவட்டத்துல வேலை பாக்குறவங்க, பதவியில இருக்குறவங்க, சாமான் விக்கிறவங்க, கான்ட்ராக்டரு, ஆலோசகரு இவங்க யாரும் வரக் கூடாதுன்னு சட்டம் கறாரா சொல்லியிருக்கு. நல்ல சட்டம். ஆனா கான்ட்ராக்டரோட ஞாயித்துக்கெழமை கோல்ஃப் ஆடுற நட்பை எந்தச் சட்டம் தடுக்கும் சொல்லு.

சரி, இந்த 7 பேரைப் பொறுக்குறது யாரு? கவர்னரா? நீதிபதியா? இல்ல மாப்ளே. கடன் வாங்கிச் செலவு பண்ற அதே ஸ்கூல் போர்டுதான். தேர்தல் முடிவைத் தன் நடவடிக்கைக் குறிப்புல ஏத்துன 60 நாளைக்குள்ள, தன்னைப் பாத்துக்குற கமிட்டியத் தானே நேமிச்சுக்கணும். நம்ம ஊரு கோயில் திருப்பணி ஞாபகம் இருக்கா? வசூல் பண்ணவரே கணக்குப் பாக்கத் தன் மச்சானை நிறுத்துனாரு. மச்சான் ரொம்ப நேர்மையானவரு, ஒரு பைசா எடுக்கல. ஆனா கோபுரத்துக்கு வாங்குன செங்கல்லு எத்தனைங்கிறத மட்டும் அவரு கடைசி வரைக்கும் கேக்கல. அக்கா வீட்டுச் சோறாச்சே. அதுக்காக போர்டுல இருக்குறவங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல. நம்ம ஓட்டுப் போட்டு வந்த நல்ல மனுசங்கதான். நல்லவங்களுக்கும் தலைவலி பிடிக்காதுல்ல.

ஒருவாட்டி கண்ணால பாத்தேன். ஒரு நாற்காலிக்கு ரெண்டு மனு. ஒருத்தரு காலம் பூரா கட்டட மதிப்பீடு போட்டு ஓய்வு பெத்தவரு. வேலை பாதியில இருக்கும்போது கான்ட்ராக்டரு ‘இது கூடுதல், அது கூடுதல்’னு ஏத்துற தொகைய எப்படிப் பிடிக்கிறதுன்னு தாள்ல எழுதியே கொண்டாந்திருந்தாரு. அவரு பேசப் பேச, மேடையில ஒருத்தரு பேனா மூடியத் தொறந்து மூடிக்கிட்டே இருந்தாரு. அடுத்தவரு எந்திரிச்சாரு. ‘எனக்கு இதெல்லாம் புதுசு, கத்துக்கலாம்னு வந்திருக்கேன்’னாரு. பேனா மூடி நின்னுருச்சு. யாருக்குக் கெடைச்சதுன்னு நான் வாயத் தொறந்து சொல்லணுமா?

அதனால மனு எழுதும்போது சூதானமா எழுது. ‘ஏன் சேர விரும்புறீங்க?’ன்னு ஒரு கட்டம் இருக்கும். ‘என் 900 டாலர் எங்க போகுதுன்னு பாக்கணும்’னு எழுதிறாத, உண்மைய எழுதுற எடம் அது இல்ல. பிள்ளைங்க எதிர்காலம், கூட்டு முயற்சி, ஊருக்குத் திருப்பிச் செய்யிறதுன்னு எழுது. நீ ஆபீஸ்ல கணக்குல ஓட்டை கண்டுபிடிக்கிற வேலைதான பாக்குற? அதை வெளிய சொல்லாத. ‘எண்களோட கொஞ்சம் பழக்கம்’னு போடு. மனு போட்ட கையோட போர்டு கூட்டத்துல சீட்டெழுதிக் குடுத்து மூணு நிமிசம் பேசப் போயிறாத. பேசியே தீருவேன்னா, புதுச் சமையக்கூடம் ரொம்ப வெளிச்சமா இருக்குன்னு சூப்பரின்டெண்டன்டுக்கு நன்றி சொல்லிட்டு உக்காந்துரு.

உள்ள போயிட்டேன்னு வையி. அதிகாரம் கையில வந்துருச்சுன்னு மீசைய முறுக்காத. எந்த வேலைய எடுக்கணும்னு சொல்ல உனக்கு உரிமை கெடையாது. கான்ட்ராக்டுல கையெழுத்துப் போடவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. செலவு பட்டியல்படி ஆச்சான்னு பாத்து ஊருக்குச் சொல்றதுதான் வேலை. கூட்டத்துல படம் போட்டுக் காட்டுவாங்க: புது ஜிம்மு, சிரிக்கிற பிள்ளைங்க, தலைக்கவசம் போட்ட அதிகாரி. படம் முடிஞ்சதும் ‘கேள்வி உண்டா?’ம்பாங்க. எல்லாரும் மணியப் பாப்பாங்க.

அங்கதான் நீ கேக்கணும். சந்தேகப்பட்டுக் கேட்டா முறைப்பாங்க. மண்டு மாதிரி கேட்டா சொல்லித்தான் ஆகணும். ‘எனக்கு வெளங்கல, ஓட்டுக் கேட்டப்ப போட்ட பட்டியலையும் இன்னைக்குப் பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுறீங்களா?’ன்னு கேளு. ‘இந்தக் கட்டடத்துக்கு மொத ஒப்பந்தம் எம்புட்டு, அப்புறம் ஏத்துனது எம்புட்டு?’ன்னு கேளு. கேட்டுட்டு, ‘குறிப்புல ஏத்திக்கிருங்க’ன்னு சொல்லு. கமிட்டியோட குறிப்பும் அதுக்கு வந்த தாளும் இணையத்துல போடணும்னு சட்டம் இருக்கு. ஒருவாட்டி ஏறுச்சுன்னா உன் பேரன் வரைக்கும் படிக்கலாம்.

பள்ளிக்கூடத்தை நேர்ல போயிப் பாக்கவும் கமிட்டிக்கு உரிமை உண்டு. புது அரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நீ கழிப்பறை எங்கன்னு கேளு. கிழவன் மாதிரி அவசரம்னு சொல்லிட்டுப் பழைய கட்டடத்துப் பக்கம் போ. கதவுக்குத் தாப்பா இருக்கா, குழாயில தண்ணி வருதான்னு பாரு. கமிட்டி வருசத்துக்கு ஒருவாட்டியாவது அறிக்கை குடுக்கணும். அதை மாவட்ட ஆபீஸே அழகா எழுதி நீட்டும். வாங்கிக் கும்பிட்டு மேசையில வச்சுட்டு, உங்க அறிக்கைய நீங்களே எழுதுங்க. அதுக்கு வேண்டிய ஒத்தாசைய பாண்டு காசைத் தொடாம மாவட்டம் செஞ்சு குடுக்கணும்னும் சட்டத்துல இருக்கு. கேட்டாத்தான் குடுப்பாங்க.

இன்னொண்ணு. காசு எங்க போச்சுன்னு மட்டும் பாக்காத, காசு எப்படி வந்துச்சுன்னும் கேளு. சான் டியேகோ பக்கம் பொவே பள்ளி மாவட்டம் 2011ல 10.5 கோடி டாலர் கடன் வாங்குச்சு. 20 வருசம் பக்கத்துல தவணையே கட்ட வேண்டாம்னு பேச்சு. இனிப்பா இருக்குல்ல? திருப்பிக் கட்ட வேண்டிய மொத்தம் 98 கோடிக்கு மேல. பாட்டன் வாங்கிப் பேரன் கட்டுற கடன். விசயம் வெளிய வந்து நாறுனப்புறம் 2013ல சட்டம் போட்டாங்க: இந்த மாதிரிக் கடன்ல மொத்தமாத் திருப்பிக் கட்டுறது அசலைப்போல 4 மடங்கைத் தாண்டக் கூடாது. ஆக, ‘அசல் எம்புட்டு, மொத்தம் எம்புட்டு’ங்கிற நாலு வார்த்தைய மறக்காத. கந்துவட்டிக்காரன்கிட்ட நம்ம தாத்தன் கேக்காம விட்ட கேள்வி அது.

ஒரு தவணைன்னா கொறஞ்சது 2 வருசம். தொடர்ச்சியா 3 தவணைக்கு மேல இருக்க முடியாது. மொதல் தவணையில நிறையக் கேளு, கொஞ்சமாப் பேசு. ரெண்டாவதுக்கு உன்னைக் கூப்பிடலைன்னா, வேலைய ஒழுங்கா பாத்திருக்கன்னு அர்த்தம். மூணாவதுக்கும் மாலை போட்டுக் கூப்பிட்டாத்தான் நீ பயப்படணும்.

சரி, உன்கிட்ட ஒரு விசயம் சொல்லணும். மூத்தோர் நாற்காலி இன்னும் காலியாத்தான் கெடக்கு. எங்க கேரம் கூட்டமும் முறைப்படி பதிஞ்ச முதியோர் சங்கத்துலதான் சேத்தி. நேத்து பேத்தி டைப் அடிச்சா, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். ஏன் சேர விரும்புறீங்கங்கிற கட்டத்துல, ‘எனக்கு இதெல்லாம் புதுசு, கத்துக்கலாம்னு வந்திருக்கேன்’னு எழுதியிருக்கு. இருட்டுல எனக்கு வண்டி ஓட்ட வராது, அதனால உனக்குக் கெடைக்கலைன்னாலும் கவலைப்படாத. கூட்டம் எல்லாருக்கும் பொது. என்னைக் கூட்டிட்டு வந்து விட்டுட்டு, அந்த மதிப்பீடு போடுறவரு பக்கத்துல போயி உக்காரு. கேள்விய அவருகிட்ட வாங்கி எனக்குச் சீட்டுல அனுப்பு. மண்டு மாதிரி கேக்குறத நான் பாத்துக்கிறேன்.